துத்தியும் பொறியும்

துத்திச் செடியின் பெயருக்கும் துத்தநாகத்துக்கும் வேர் ஒன்றே என்று அன்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பேச்சில் ‘துத்திநாகம்’ என்கிறோமே, அதுதான் சான்றாம். மருவிய வடிவத்தில் வேர் தேடுவது தலைகீழ் வேலை. துத்தநாகமும் மயில்துத்தமும் உலோகக் கூட்டம். பாரசீகத்துத் தூதியாவுக்கும் வடமொழித் துத்தத்துக்கும் உறவானவை. ஏழிசையில் குரலை அடுத்து வரும் துத்தம் வேறு. செடிக்கு இவர்கள் யாரும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் குறுந்தோட்டியைக் காட்டித் துத்தி என்பாரும் உண்டு. ‘குறுந்தோட்டிக்கே வாதமா’ என்று மலையாளத்தில் பழமொழியாகிவிட்ட மருந்துச்செடி அது. இலை சிறிது, காயும் சிறிது. துத்திக்கு இதய வடிவ இலை, தொட்டால் வெல்வெட்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்றில், முப்பந்தல் காற்றாலைகளின் காலடியில் பாருங்கள்: சாம்பல் பூத்த பச்சைப் புதரில், இலைக்கணுதோறும் நீண்ட காம்பில் ஒற்றை மஞ்சள் பூ, வெயில் தாழ விரியும். காயோ சக்கரம்போல அடுக்கிய பல அறைகள். கன்னடர் அதில் முத்திரையைக் கண்டு ஸ்ரீமுத்ரெ என்றார்கள். தெலுங்கர் சீப்பைக் கண்டு துவ்வெனகாய என்றார்கள். பருத்தி, பூவரசு, வெண்டை எல்லாம் இதன் பங்காளிகள். தாவரவியலின் ‘அபுட்டிலான்’ அரபியிலிருந்து போனது.

மென்மையைக் குறிக்கும் ‘துய்’யிலிருந்து துத்தி வந்தது என்பார்க்கு ஒரே பதில்: குரங்கின் துய்த்தலையில் மயிர் கண்ணுக்குத் தெரிகிறது, துத்தியிலையின் மயிர் விரலுக்குத்தான் தெரியும். பெயரிட்டவன் தூரத்திலிருந்து பார்த்தவன்.

பழைய நூல்களில் துத்தி என்றால் பாம்பின் படப்பொறி. மகளிர் மேனித் தேமலும் துத்தியே. அந்தத் தேமலை, சுணங்கை, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் பார்த்தது சங்கக் கண். பொன்னிறப் பூவும் மேனிப் பொறியும் அந்தக் கண்ணுக்கு ஒன்று. வேங்கை மலைக்கு உரியது. வெட்டவெளிப் புதர்மேல் அதே பொன்பொறி சிதறிக் கிடப்பதைக் கண்டவனுக்கு வேறு சொல் எதற்கு? மூலத்துக்கு விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டும் இலை பின்னால் வந்த பயன். பெயரைத் தந்தது பூதான். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.