வெண்காரம் வந்த வழி

பொற்கொல்லர் நகையை ஊதுமுன் இணைப்பின்மீது வெள்ளைப் பொருள் ஒன்றைக் குழைத்துத் தடவுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நாம் குடியேறி வாழும் கழக்கூட்டத்துப் பட்டறையாயினும், விட்டு வந்த சொந்த ஊர்ப் பட்டறையாயினும் அஃது இன்றி வேலை நடவாது. தீயில் அது கண்ணாடிபோல் உருகி, உலோகத்தின் களிம்பைக் கரைத்து, காற்றையும் தடுத்து நிற்கும். பற்றாசு தடையின்றி ஓடிப் பற்றும். அதுவே வெண்காரம், வடமொழியில் டங்கணம். சித்த மருத்துவர் அதனைச் சட்டியிலிட்டுப் பொரிப்பர். எடையில் ஏறக்குறையப் பாதி நீராதலின் அது பொங்கிப் பூரிக்கும்.

இத்துணைப் பழக்கமான பொருள் தமிழ்நாட்டு மண்ணிலோ கேரள மண்ணிலோ விளைவதன்று. இமயத்துக்கு அப்பாலுள்ள குளிர்ப்பாலையில் விளைவது. லடாக்கின் தென்கிழக்கே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் பூகா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பாளம் ஆசிய நிலப்பாளத்தோடு மோதியது. அம்மோதலின் தழும்பு மேல் சிந்து நதியை ஒட்டிச் செல்கிறது. பூகா அத்தழும்பின்மீதே அமைந்துள்ளது. அங்கே நிலத்தடியில் வெப்பம் மிகுதி. ஆழத்தில் உலவும் நீர் பாறைகளிலிருந்து போரான் என்னும் தனிமத்தைக் கரைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றாகப் பொங்குகிறது. வறண்ட காற்று நீரைக் குடித்துவிட, வெண்காரம் மணலோடு சேர்ந்து வெள்ளை ஓடாக இறுகுகிறது.

ஊற்று மட்டும் போதாது, வறட்சியும் வேண்டும். லே நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. அவ்வூற்று கழக்கூட்டத்தில் இருந்திருந்தால், ஒரே இடவப்பாதியில் வெண்காரம் அத்தனையும் கரைந்து, கடினங்குளம் காயல் வழியே கடலுக்குப் போயிருக்கும்!

பூகாவிலும் திபெத்தின் ஏரிக்கரைகளிலும் வாரிய வெண்காரத்தைச் செம்மறியாடுகளின் முதுகில் சிறு பைகளாக ஏற்றிக் கணவாய்களைக் கடத்தினர். ஓர் ஆடு சுமந்தது 10 கிலோவுக்குச் சற்று மிகுதி. அதிலும் பாதி நீர். வறண்ட காற்றில் படிகம் பொடியாகாதிருக்கக் கொழுப்பைப் பூசுவது வழக்கம். ஐரோப்பாவில் அக்கொழுப்பைப் போக்கித் தூய்மை செய்யும் வித்தையை முதலில் வெனிஸ் நகரத்தாரும், பின்னர் டச்சுக்காரரும் மறைபொருளாகக் காத்துப் பொருள் ஈட்டினர். சுமந்தவர்க்குக் கூலி, கழுவியவர்க்கு இலாபம். வணிக வரலாற்றில் இது புதிதன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1818-இல் லார்தெரல் என்பார் இத்தாலியின் டஸ்கனியில், பூமியின் ஆவி சீறும் குட்டைநீரிலிருந்து போரிக் அமிலம் எடுக்கத் தொடங்கினார். 1856-இல் கலிபோர்னியாவில் வெண்காரம் கண்டறியப்பட்டது. 1883 முதல் 1889 வரை மரணப் பள்ளத்தாக்கிலிருந்து, 20 விலங்குகள் பூட்டிய வண்டித் தொடர்கள் ஏறத்தாழ 265 கிலோமீட்டர் பாலையைக் கடந்து இரயில் நிலையம் சேர்ந்தன. ஆட்டின் முதுகு இதற்கு ஈடுகொடுக்குமா? பின்னர் அம்மாநிலத்திலேயே, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் வற்றிய ஏரியின் வெண்காரம் களிமண்ணால் மூடப்பட்டு, கரையாது கிடந்தது வெளிப்பட்டது. இன்று உலகின் மிகப் பெரிய இருப்பு துருக்கியினுடையது. டங்கணத்தை உலகுக்கு அனுப்பிய வழி அமைந்த நம் நாடோ, தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறது.

பூகாவின் ஊற்றுக்கள் ஓயவில்லை. 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டு வெப்பத்தை ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில், அவ்வெப்பத்தால் மின்சாரம் எடுக்க எண்ணெய் இயற்கைவாயுக் கழகம் லடாக் ஆட்சியினருடன் உடன்பாடு செய்துகொண்டது. மேலே வரும் வெந்நீரில் போரானும் உடன் வரும். பயிருக்கு அது சிறிதளவு வேண்டும், மிகுந்தால் நஞ்சு. பூகாவின் ஓடை சிந்துவில் கலப்பது. சாங்பா இடையர் அப்பகுதியில் மந்தை மேய்ப்பவர். ஆகவே, எடுத்த நீரை ஓடையில் விடாது மீண்டும் நிலத்தடிக்கே செலுத்துவது எவ்வாறு என்பதே பொறியாளர் முன் நிற்கும் முதல் வேலை.