நரி வேட்டை (அமெச்சூர் வானொலி)

நரி வேட்டை என்பது மறைத்து வைத்த வானொலிப் பரப்பியை அதன் அலைகளைக் கொண்டே தேடிக் கண்டறியும் விளையாட்டு ஆகும். இந்தியாவில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் இதற்கு 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தலாம். பேசும் பொத்தான் தவறுதலாக அழுந்திக் கிடக்கும் கருவி பிறர் எவரையும் பேசவிடாது. அதைக் கண்டறிவதும் இம்முறையில்தான். 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து செய்திகளைக் கொணர்ந்தவர்கள் அமெச்சூர் வானொலியாளர்களே.

யாகி ஆன்டெனாவைச் சுழற்றி, சமிக்ஞை வலுவாக உள்ள திசையை வரைபடத்தில் கோடாக வரைவர். வேறோர் இடத்திலிருந்து வரையும் கோடு அதனை வெட்டுமிடத்தின் அருகே பரப்பி இருக்கும். பண்பலையில் ஒலியளவைக் கொண்டு வலுவை அறிய இயலாது. அளவியைத்தான் பார்க்க வேண்டும். மிக அருகில் சென்றதும் அளவி எத்திசையிலும் உச்சத்தைக் காட்டும். புதியவர்கள் திணறுவது இங்கேதான். அப்போது கைவானொலியின் ஆன்டெனாவைக் கழற்றி, கருவியை மார்போடு அணைத்து மெல்லச் சுழல வேண்டும். உடல் அலைகளை மறைப்பதால், சமிக்ஞை மிகக் குறையும் நிலையில் பரப்பி முதுகுப்புறம் இருக்கும்.