24-ஆ, 26-ஆ? தாத்தாவோட ராலேயும் ஒரு மரையோட வரலாறும்

இன்னைக்கு எபிசோடு ஒரு நட்டைப் பத்தினது. ஒரே ஒரு நட்டு. ஆனா அது ஏன் மாட்டலன்னு தேடப் போய் நான் 1841 வரைக்கும் போயிட்டு வந்தேன். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

கும்பகோணத்துல எங்க பாட்டி வீட்டுத் திண்ணையில ஒரு ராலே சைக்கிள் நிக்குது. தாத்தா 1950-களோட ஆரம்பத்துல, வாத்தியார் வேலையில சேர்ந்த புதுசுல வாங்கினது. முன்னாடி பேட்ஜுல நாரைத் தலை, கூடவே நாட்டிங்ஹாம், இங்கிலாந்துன்னு எழுத்து. செயின் வீலை உத்துப் பார்த்தா அதுலயும் மூணு நாரை. தாத்தா போனதுக்கு அப்புறம் யாரும் அதைத் தொடல. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, "சென்னைக்கு எடுத்துட்டுப் போய் சுவத்துல மாட்டிக்கிறேன் பாட்டி"ன்னு சொன்னேன். பாட்டி ஒரே வரியில முடிச்சிட்டாங்க: "ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ. ஓடாதுன்னா காயலான் கடைக்குப் போடு. சுவத்துல மாட்டுறதுக்கு அவர் அதை வாங்கல."

சரி, ஓட வெச்சுடலாம்னு உட்கார்ந்தேன். பிரச்சனை ஹேண்டில்ல. முன் பிரேக்கைப் பிடிச்சுட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினா, டக் டக்னு ஒரு ஆட்டம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினா, நேரா வர்ற இடத்துல பள்ளத்துல விழுந்த மாதிரி நிக்குது.

உள்ள என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குக்கு மேல ஒரு அங்குலக் குழாய் இருக்கும். அது ஃபிரேமோட தலைக்குழாய்க்குள்ள நுழைஞ்சு மேல வெளிய வரும். கீழ ஒரு கப்பு, மேல ஒரு கப்பு. ரெண்டுலயும் கிரீஸ், அதுக்குள்ள பால்ரஸ் குண்டுங்க. ஃபோர்க் குழாயோட மேல் நுனியில மரை வெட்டியிருக்கும். அந்த மரையில முதல்ல ஒரு கோன், அப்புறம் வாஷர், விளக்கு மாட்டுற தகடு, கடைசியா ஒரு செக்நட்டு. கோனை ரொம்ப இறுக்கினா ஹேண்டில் திரும்பாது. ரொம்ப விட்டா ஆடும். சரியான இடத்துல நிறுத்தி செக்நட்டால பூட்டணும்.

என் கதையில செக்நட்டோட முனை மழுங்கிப் போயிருந்துச்சு. கடைத்தெருவுல ஒரு அங்குல நட்டு ஒண்ணு புதுசா வாங்கினேன். ரெண்டு சுத்து ஏறுச்சு, நின்னுடுச்சு. துருவா இருக்கும்னு நினைச்சு, பெரிய ஸ்பானர் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். மூணாவது சுத்துல வெள்ளையா இரும்புத் தூள் வந்துச்சு. அப்போதான் வயித்துல சுருக்குன்னுச்சு. எழுபது வருஷம் தாங்கின மரையை நான் பத்து செகண்டுல கெடுத்துட்டேன்.

ஃபோர்க்கைக் கழட்டித் துணியில சுத்தி எடுத்துட்டு, தெருக்கோடியில இருக்கிற பழைய சைக்கிள் கடைப் பெரியவர்கிட்ட போனேன். வாடகை சைக்கிள் காலத்துலேர்ந்து கடை வெச்சிருக்கார். மரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இது ராலே மரை. நீங்க போட்டது வேற மரை"ன்னார். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, பழைய இங்கிலீஷ் வண்டியோட பின் அச்சு ஒண்ணு எடுத்தார். அச்சோட மரையை ஃபோர்க் மரை மேல படுக்க வெச்சு, வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சார். ரெண்டும் பல்லோட பல் சேர்ந்து உட்கார்ந்துச்சு, நடுவுல வெளிச்சமே தெரியல. அடுத்து காயலான் குவியல்லேர்ந்து வேற ஒரு ஃபோர்க் எடுத்து அதே அச்சை வெச்சார். முதல் ரெண்டு பல் சேர்ந்துச்சு. அதுக்கு மேல வெளிச்சம் கோடு கோடா தெரிஞ்சுச்சு.

அளவுகோல் வெச்சு நானே எண்ணிப் பார்த்தேன். தாத்தாவோட ஃபோர்க்ல அரை அங்குலத்துக்கு 13 மரை, அதாவது அங்குலத்துக்கு 26. மத்த ஃபோர்க்ல அரை அங்குலத்துக்கு 12, அதாவது 24. ஒரு சுத்துக்கு வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி கனம்னு வெச்சுக்கோங்க. ஆனா ஒரு நட்டுல நாலு சுத்து இருந்தா, நாலாவது சுத்துல அது 0.32 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மரை. அதனாலதான் முதல் ரெண்டு சுத்து ஒழுங்கா ஏறி நம்மளை ஏமாத்தும்.

இப்போ கேள்வி: ரெண்டுமே ஒரு அங்குலக் குழாய்தான். அப்புறம் ஏன் ரெண்டு விதமான மரை?

19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல இங்கிலாந்துல ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்த மரை இருந்தது. ஒரு பட்டறை செய்த போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையோட நட்டு சேராது. இயந்திரம் கெட்டால், செய்தவரிடமே திரும்பப் போக வேண்டும். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து அளந்தார். அவற்றின் சராசரியை எடுத்து, எல்லாருக்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்று 1841-ல் முன்வைத்தார். மரைப் பல்லின் கோணம் 55 டிகிரி. ரயில்வேக்கு இது பெரிய வரம்.

ஆனா சைக்கிள் வந்தப்போ விட்வொர்த் மரை ஒத்துவரல. ஒரு அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 8 மரைதான். சைக்கிள்ல இருக்கிறது மெல்லிசான குழாய். அவ்வளவு ஆழமா வெட்டினா குழாயே மிஞ்சாது. சின்னச் சின்ன மரைதான் வேணும். அதனால சைக்கிள் இன்ஜினியர்ஸ் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமைப்பு 1902-ல சைக்கிளுக்குன்னே தனி மரை கொண்டுவந்துச்சு. கோணம் 60 டிகிரி, நிறைய அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை. பெரியவர் கையில இருந்த அந்தப் பின் அச்சு இந்தக் குடும்பம்தான்.

அதுக்கப்புறம் ஹேண்டில் மரைக்கு மத்த பிரிட்டிஷ் கம்பெனிங்க பெரும்பாலும் 24-க்கு வந்துட்டாங்க. பின்னாடி ஐஎஸ்ஓ தரமா ஆனதும் அந்த 24-தான். நாட்டிங்ஹாம்ல ராலே மட்டும் 26-ஐ விடல. ஹேண்டில்லயும் 26, பெடல் அச்சு போற குழாய்லயும் 26. ராலேக்கு அது கஷ்டமா இல்ல, ஏன்னா ஃபிரேம், ஃபோர்க், கப்பு, கோன், நட்டு எல்லாம் அவங்க தொழிற்சாலையிலயே செஞ்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, முழு ஸ்டாக்கும் சொந்தம். வெளிய இருக்கிறவங்களோட ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்ல.

அந்தத் தொழிற்சாலை எவ்வளவு பெருசுன்னு புரியணும்னா ஆலன் சில்லிட்டோவைப் பத்திச் சொல்லணும். 14 வயசுல பள்ளியை விட்டுட்டு ராலேல வேலைக்குப் போனவர். பிற்பாடு 1958-ல 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலை எழுதினார். அதோட நாயகன் ஒரு சைக்கிள் தொழிற்சாலையில லேத் ஓட்டுறவன். எத்தனை பீஸ் முடிச்சானோ அவ்வளவு கூலி. தாத்தாவோட ஃபோர்க் மரையையும் அப்படி யாரோ ஒருத்தர்தான் கடைஞ்சிருப்பார்.

பிரான்ஸ்ல 25 மில்லிமீட்டர் குழாய், 1 மில்லிமீட்டர் மரை. இத்தாலில 24 மரைதான், ஆனா கோணம் விட்வொர்த்தோட அதே 55 டிகிரி. ஒரு சின்ன நட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிடிவாதம்.

இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்னாடி நம்ம ஊருக்கு நல்ல சைக்கிள்னா பெரும்பாலும் பிரிட்டன்லேர்ந்து கப்பல்ல வந்ததுதான். அப்புறம் இங்கயே செய்யணும்னு முடிவாச்சு. 1949-ல மெட்ராஸ்ல டிஐ சைக்கிள்ஸ் உருவாச்சு, பிரிட்டனோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டு. அம்பத்தூர் தொழிற்சாலைலேர்ந்து ஹெர்குலிஸ் வந்தது அப்படித்தான். ராலே வங்காளத்துல கூட்டு வெச்சு, அசன்சோல்ல சென்-ராலேனு தொடங்கினாங்க. இதுல ஒரு வேடிக்கை: 1960-ல பிரிட்டன்ல டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸே ராலேயை வாங்கிடுச்சு. ஹெர்குலிஸும் ராலேயும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா ஆயிட்டாங்க.

கடைசியில 2002-ல நாட்டிங்ஹாம்ல சைக்கிள் தயாரிப்பே நின்னுடுச்சு. அந்த இடத்துல இப்போ பல்கலைக்கழக வளாகம். 26 மரையில நட்டு செஞ்ச லேத்துங்க போயிடுச்சு. ஆனா அந்த மரையோட வண்டிங்க உலகம் முழுக்க இன்னும் திண்ணையில நிக்குது. நான் எழுதுற கோடை நிறுத்திட்டா, அடுத்த மாசம் யாராவது வேற எழுதிக்குவாங்க. இரும்புல எடுத்த முடிவு அப்படிப் போகாது. அதை எடுத்தவங்க யாரும் இல்லாதப்போ, ஒரு கும்பகோணத்துப் பெரியவரோட டப்பாதான் அதுக்குப் பதில் சொல்லணும்.

"24 மரையாவே புதுசா வெட்டிடலாமா ஐயா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினார். "இருக்கிற மரை மேல இன்னொரு மரை வெட்டினா குழாய் இளைச்சுப் போகும். ஃபோர்க்கு உடைஞ்சா கை ஊன நேரம் இருக்காது தம்பி, முகந்தான் முதல்ல தரைக்கு வரும்." அப்புறம் முக்கோண அரத்தால நான் கெடுத்த மரையை ஒவ்வொரு பல்லா சீவினார். டப்பால எந்த ராலேலேர்ந்து கழட்டினதோ, பழைய நட்டு ஒண்ணு கிடைச்சுது. எண்ணெய் விட்டு, அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடின்னு ஓட்டினார். அடிவரைக்கும் கையாலயே ஏறுச்சு.

அந்தப் பள்ளத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. குண்டு உட்கார்ந்து இரும்புல குழி விழுறதை பிரினெல்லிங்னு சொல்வாங்க. ஸ்வீடன்ல யோகான் ஆகஸ்ட் பிரினெல்னு ஒருத்தர், எஃகுக் குண்டை அழுத்தி, விழுற குழியை வெச்சு உலோகத்தோட கடினத்தை அளக்கிற முறையை 1900-ல கொண்டுவந்தார். ஹேண்டில்ல விழுற குழி ரோட்டுப் பள்ளத்துல விழுந்த அடியாலன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் அதை மறுத்தார். நேரா ஓட்டும்போது ஃபோர்க் லேசா வளைஞ்சு வளைஞ்சு, குண்டுங்க ஒரே இடத்துல உரசி, கிரீஸைத் தள்ளிட்டு இரும்பைத் தின்னுடுதுன்னு விளக்கினார்.

பெரியவர் பிராண்டைப் படிச்சிருக்க மாட்டார். ஆனா கீழ் கப்புல யாரோ போட்டிருந்த கூடு போட்ட பால்ரஸைத் தூக்கி எறிஞ்சுட்டு, கிரீஸ்ல குண்டுங்களைத் தனித்தனியா அடுக்கினார். கூடு இல்லாததால ஒண்ணு ரெண்டு குண்டு கூடுதலா பிடிக்கும். எண்ணிக்கை மாறினதும் எல்லாக் குண்டும் ஒரே நேரத்துல பழைய குழியில உட்காராது. பள்ளம் முழுசா போகல. கைக்கு லேசா தெரியுது. ஆனா வண்டி நேரா போகுது.

1990-களோட ஆரம்பத்துல ஜான் ரேடரோட கண்டுபிடிப்பு வந்துச்சு, ஏஹெட்செட்னு. ஃபோர்க் குழாயில மரையே கிடையாது. ஹேண்டிலைத் தாங்குற ஸ்டெம்மே வெளியிலேர்ந்து இறுக்கிப் பிடிக்கும். 24-ஆ 26-ஆங்கிற சண்டை அதோட முடிஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் குழாயோட அளவுல புதுச் சண்டை ஆரம்பிச்சுது. அது வேற எபிசோடு.

உங்க வீட்டுலயும் பழைய ராலே இருந்தா ஒரே ஒரு விஷயம். நட்டு கையால ஏறலன்னா ஸ்பானரை எடுக்காதீங்க. அளவுகோலை எடுத்து அரை அங்குலத்தை எண்ணுங்க.

போன ஞாயிறு தாத்தாவோட சைக்கிள்ல மகாமகக் குளத்தை ஒரு சுத்து சுத்தி வந்தேன். திண்ணையில உட்கார்ந்திருந்த பாட்டி ஹேண்டிலைப் பிடிச்சு ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாங்க. "இப்ப எடுத்துட்டுப் போ"ன்னாங்க.