நிர்மூலன், மாற்று, தகுதி: தாராவி வரலாற்றில் சில சொற்கள்

மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பை ஒட்டிக் கோலி மீனவர் வாழ்ந்த ஊர் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். சௌராஷ்டிரக் குயவர் சூளையிட்டனர். சதுப்பைத் தூர்த்து மனையாக்கியவர்களில் பெரும்பாலோர் குடியேறியவர்களே. மும்பை வடக்கே பரவியபோது, விளிம்பிலிருந்த தாராவி நகரின் நடுப்பகுதியாயிற்று. செழித்துப் பின் நலிந்த நகர்ப்பகுதி என்னும் வழக்கமான வரலாறு இதற்குப் பொருந்தாது.

1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் மராத்தித் தலைப்பில் சுதாரணா, நிர்மூலன், புனர்விகாஸ் என மூன்று சொற்கள் உள்ளன. ஆங்கிலத் தலைப்பிலுள்ள ‘கிளியரன்ஸ்’ என்பதே நிர்மூலன் ஆயிற்று; வேரறுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். அதே ஆங்கிலச் சொல் இடம்பெற்ற சென்னை வாரியத்திற்கு 1970இல் தமிழில் ‘குடிசை மாற்று வாரியம்’ எனப் பெயரிடப்பட்டது. அகற்றுவதை மட்டுமே கூறும் சொல்லுக்கு, ஒன்றின் இடத்தில் வேறொன்றைத் தரும் கடப்பாட்டைத் தமிழ் சேர்த்தது. இது பிழையன்று, நல்ல மொழிபெயர்ப்பு. செயல் அச்சொல்லுக்கு எந்த அளவு ஈடுகொடுத்தது என்பது வேறு ஆய்வுக்குரியது.

1995இல் அமைந்த மராத்திய அதிகார அமைப்பின் பெயரில் ‘புனர்வசன்’ இடம்பெற்றது. வசிப்பவரை நினைக்கும் சொல் அது. 2004இல் ஒப்புதல் பெற்ற தாராவித் திட்டமோ மீண்டும் ‘புனர்விகாஸ்’ என்றே வழங்குகிறது. நிலமே அதன் செயப்படுபொருள். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்டு ஏலத்தில் முதலிடம் பெற்றதும் இத்திட்டத்திற்கே. தமிழில் இரண்டையும் ‘மறுசீரமைப்பு’ என்று எழுதுவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இதனினும் கருதத்தக்கது ‘பாத்ர’, ‘அபாத்ர’ என்னும் இணை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்து வருபவர் பாத்ர. அவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதே வீட்டின் மேல்தளத்தில் வசிப்பவர், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருப்பினும், அபாத்ர. அவருக்குத் தாராவிக்கு வெளியே வாடகைத் தவணை முறையில்தான் வீடு. இச்சொற்களைத் தமிழில் ‘தகுதியுள்ளவர்’, ‘தகுதியற்றவர்’ என எழுதுவது வழக்கம். தமிழில் தகுதி என்பது ஒருவருடைய பண்பையும் மேன்மையையும் குறிக்கும் சொல். தேதியையும் தளத்தையும் குறிப்பதன்று. ‘இலவச வீட்டு வரம்பிற்குள் வாராதவர்’ என்பது சற்று நீண்டாலும் மூலத்தின் பொருளை மிகையின்றித் தரும். படிப்பவரின் மதிப்பையும் குறைக்காது.