ஒய்.இ.–இசட்.பி. வானொலி வழிகாட்டி
ஒய்.இ.–இசட்.பி. என்பது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் தாய்க்கப்பலுக்குத் திரும்ப உதவிய வானொலி வழிகாட்டி முறை. கப்பலின் சுழலும் ஒய்.இ. அலைபரப்பி 360 பாகையை 12 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மோர்ஸ் எழுத்தை ஒலிபரப்பும். விமானத்தின் இசட்.பி. ஏற்பியில் கேட்கும் எழுத்தை அன்றைய குறியீட்டு அட்டையோடு ஒப்பிட்டு, விமானி தாம் கப்பலுக்கு எத்திசையில் இருக்கிறார் என அறிவார். எதிரியைக் குழப்ப எழுத்து வரிசை மாற்றப்படும். இரு கூறுகளின் எல்லையில் எழுத்துகள் கலந்து கேட்கும். ஒலியளவைக் குறைத்தால் வலுவானது மட்டும் மிஞ்சும். அலைகள் நேர்கோட்டில் செல்வதால் தொலைவில் தாழப் பறப்பவருக்குக் குறி எட்டாது.

ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: 1946 பறத்தல் பாவனை விளையாட்டின் 4.10 பதிப்பில் இம்முறை சேர்க்கப்பட்டது. வரைபடத்தில் தம் விமானத்தைக் காட்டும் குறியை அணைத்துவிட்டுப் பறக்கும்போதுதான் இதற்குப் பொருளுண்டு; குறி தெரிந்தால் இது வெறும் அலங்காரமே. கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால், புறப்பட்ட இடத்தை நினைவில் வைத்துத் திரும்புவோர் வெறுங்கடலையே காண்பர். உண்மைப் போரிலும் இப்படி நேர்ந்தது: 1942 ஜூன் 4 அன்று மிட்வே போரில் ஹார்னெட் என்ற அமெரிக்கத் தாய்க்கப்பலின் பத்துப் போர் விமானங்கள் திரும்பும் வழியைக் கண்டறிய முடியாமல், எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கின.