படத்தின் பின்புறம்

ஏடு தேடி ஊர் ஊராக நடந்த சான்றோரின் வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். நம் வீட்டுச் சுவரில் சாய்ந்து தொங்கும் குடும்பப் புகைப்படமும் ஓர் ஏடே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேட்டை மின்னுருவாக்கிக் காக்கும் பணி இன்று ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியதாகிவிட்டது. அப்பணியில் நேரும் ஒரு பிழையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1839இல் பாரிசில் உலகிற்கு அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை, ஒரு தலைமுறை கடப்பதற்குள் தமிழகத்தில் வேரூன்றியது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் நிறுவப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். புகைப்படக் கருவி தன் இளமையிலேயே இம்மண்ணில் எழுத்தைக் காக்கும் கருவியாகவும் இருந்தமை இதனாற் புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டில் சிற்றூர்களிலும் புகைப்பட நிலையங்கள் பெருகின. வண்ணம் தீட்டிய திரை, பூச்சாடி வைத்த முக்காலி, நாற்காலியில் கணவர், அருகில் நிற்கும் மனைவி என்னும் காட்சி வீடுதோறும் இடம்பெற்றது. அத்தகைய நிலையங்களின் படங்கள் பல்லாயிரத்தைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் நல்கையோடு மின்னுருவாக்கியமை போற்றத்தக்கது. எனினும், வீட்டில் உள்ளவற்றை வீட்டார்தாம் காத்தல் வேண்டும்.

அதற்கான வழி எளிது. மென்தூரிகையால் தூசியை நீக்கி, கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ண முறையிலேயே ஸ்கேனரில் எடுக்க வேண்டும். பழுப்பேறிய நிறமும் ஒரு சான்றன்றோ? அஞ்சலட்டை அளவுள்ள படத்திற்கு அங்குலத்திற்கு 600 புள்ளிகள் போதும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஆதலின் கண்ணாடியோடே எடுப்பது நன்று. இவ்வளவும் செய்வோர் பலர், படத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அதுவே நான் கூறவந்த பிழை.

எங்கள் இல்லத்தில் 1938ஆம் ஆண்டுத் திருமணப் படம் ஒன்று உண்டு. அதில் இருப்பவர் 19 பேர். சட்டத்தைக் கழற்றியபோது, பின்னட்டையில் மங்கிய மையில் வரிசைப்படி குறிப்புகள் இருக்கக் கண்டேன். ஆடவர் 11 பேருக்கும் பெயர் இருந்தது. சிலருக்கு ஊரும் உத்தியோகமும் இருந்தன. பெண்கள் 8 பேருக்கோ 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் தங்கை' என்னும் உறவு மட்டுமே. எண்பதை நெருங்கியிருந்த என் அன்னையாரிடம் கேட்டேன். ஐவரின் பெயரைச் சொன்னார். ஆறாவது முகத்தின்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். "இந்தப் பாட்டி ஒப்பாரி பாடினால் ஊரே அழும். பெயர்தான் வரமாட்டேன் என்கிறது" என்றார். அடுத்த தையில் அன்னையாரும் மறைந்தார். அம்மூவரின் பெயரைச் சொல்ல இனி எவருமில்லை.

டிரைப் படமெடுத்த அதே பெரிய கோயிலில், இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை இன்ன சிறகு, இத்தனையாம் வீடு என்னும் குறிப்போடு பொறிக்கச் செய்தான். கோயிற் கணக்கின் பொருட்டே அவை வெட்டப்பட்டன எனினும், ஆயிரமாண்டுக்கு முன் அங்கு ஆடிய பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. நம் வீட்டில் உலை வைத்தவளின் பெயரை மூன்று தலைமுறைக்குள் தொலைத்துவிட்டோம்.

ஆதலின், முன்புறத்தை எடுத்த கையோடு பின்புறத்தையும் எடுப்போமாக. மூத்தோர் உள்ளபோதே படத்தை அவர்கள் மடியில் வைத்துப் பெயர்களைக் கேட்டு எழுதுவோமாக. பத்தாண்டு நிறைவு காணும் நம் மன்றத்தின் படங்களுக்கும் இது பொருந்தும். அமர்ந்திருப்போர், நிற்போர் பெயர்களை இன்றே எழுதி வைப்போம். எல்லார்க்கும் தேநீர் கொடுத்துவிட்டு ஓடிவந்து கடைசி வரிசையில் நின்றவரின் பெயரையும் விடாமல் எழுதுவோம்.