இடியும் மருந்தும்: ஆமத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு மழைக்காலக் குறிப்பு

இடி இடிக்கும்போது 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது காண்டவ வனத்தின் கதை. அக்கினி அவ்வனத்தை உண்ணப் புகுந்தபோது, தன் நண்பன் தட்சகனைக் காப்பதற்காக இந்திரன் மழையையும் இடியையும் ஏவினான். அருச்சுனன் அம்புகளால் கூரை வேய்ந்து அவற்றைத் தடுத்தான். வில்லிபாரதத்தில் இதற்கென்றே காண்டவதகனச் சருக்கம் இருக்கிறது. இதில் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அருச்சுனன் அங்கே மழையின் பக்கம் நிற்கவில்லை, நெருப்பின் பக்கம் நின்றான். மழைக்கு ஏங்கும் கரிசல் காட்டில், மழையை விரட்டியவனின் பெயரை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வீட்டுக்குள் ஒடுங்கியிருப்பது விசித்திரமான காட்சிதான். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலுள்ள ஆமத்தூரை எண்ணும்போது அந்த விசித்திரம் இன்னும் கூர்மையடைகிறது. அவ்வூரைச் சுற்றியுள்ள நிலம் வானத்தை நம்பியது. பிழைப்போ நெருப்பை நம்பியது.

இந்தப் பிழைப்பு இங்கு வந்ததற்கே மழையின்மை ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிட, மலைக்குக் கிழக்கே எஞ்சுவது வெயிலும் வறண்ட காற்றும். உழவுக்குச் சாபமாக இருந்த அதே வறட்சி, தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர்வதற்கு வரமாயிற்று. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-இல் (1922 என்பாரும் உண்டு). பட்டாசு அதன் பின்னால் வந்தது. பஞ்சத்திலிருந்து தப்ப ஒரு வட்டாரமே வெயிலை விற்கக் கற்றுக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் வெயிலை நம்பிய தொழிலுக்கு நாட்காட்டி இரக்கம் காட்டவில்லை. கோடையின் உச்சத்தில், பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழும் சூடு மாலையில் கருமேகமாகத் திரண்டு இடியாக இறங்கும். வடகிழக்குப் பருவம் தொடங்குவது ஐப்பசியில். தீபாவளி வருவதும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் செய்து சேர்த்த சரக்கு ஊரெங்கும் நிறைந்திருக்கும் வாரங்களில்தான் வானமும் முழங்குகிறது. மின்னல் மட்டுமே அச்சத்துக்குரியது என்பதும் இல்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். பொதுவாக நெருப்பை அணைக்கும் நீர் இங்கே நெருப்பை மூட்டவும் செய்யும்.

மருந்துக் கிடங்கும் மின்னலும் சந்தித்தால் என்னவாகும் என்பதை உலகம் 1769-இல் இத்தாலியின் பிரெசியா நகரில் கண்டது. அங்கே ஓரிடத்தில் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் மின்னல் விழுந்தது. நகரின் ஒரு பகுதி தரைமட்டமாகி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பின் 1772-இல், பர்ஃப்ளீட் என்னுமிடத்திலிருந்த தன் கிடங்கைக் காக்க இங்கிலாந்து ஒரு குழுவை அமைத்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் ஹென்றி கேவண்டிஷும் அதில் இருந்தனர். கூர்முனை இடிதாங்கியே சிறந்தது என்று குழு பரிந்துரைத்தது. மொட்டைமுனைதான் நல்லது என்று ஓர் உறுப்பினர் பிணங்கினார். பின்னர் அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியதும் பிராங்க்ளினின் கூர்முனை அரசியலாகிவிட்டது. இயற்பியலிலும் கட்சி கட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884-இல் வந்தது. அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் இயற்றப்பட்டன. இடிமழை நெருங்குவதாகத் தோன்றினால் கிடங்கிலும் அதைச் சுற்றியும் உள்ளவர்களைப் பாதுகாப்பான தொலைவுக்கு அகற்றிவிட வேண்டும், ஆபத்து நீங்கும்வரை திரும்ப விடக்கூடாது என்கிறது விதி. நல்ல விதி, அதில் நமக்கு மறுப்பில்லை. அகற்றப்பட்டவர் எங்கே போவார் என்பது மட்டும் விதிக்குள் அடங்காத செய்தி. அவர் வீட்டுக்குப் போவார். செய்த உருப்படிக்குத்தான் கூலி என்றால், மழை பெய்த மாலைக்குக் கூலி கிடையாது.

வீட்டில் என்ன நடக்கும்? தொலைக்காட்சியின் இணைப்பைப் பிடுங்கி வைப்பார்கள். மின்சாரம் அதற்கு முன்பே போயிருக்கும். கிழவி அர்ச்சுனனை அழைப்பாள். பேரன் மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிக்கொண்டிருப்பான். ஒளி முன்னே வர, ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பின்னே வருவதால், மூன்று எண்ணினால் இடி ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். வேறு ஊர்களில் இது பிள்ளை விளையாட்டு. பட்டாசு வட்டாரத்தில் இக்கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு: மின்னலோடு வந்த முழக்கம் வானத்துடையது, மின்னல் இல்லாமல் வந்த முழக்கம் எங்கிருந்து என்று கேட்டாக வேண்டும். அத்தகைய சத்தம் கேட்டால் மழையையும் பொருட்படுத்தாமல் கதவைத் திறந்து புகை எழுகிறதா என்று திசை திசையாகப் பார்ப்பார்கள். யார் யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்று தெருவில் விசாரணை தொடங்கும்.

மின்னலால் இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் மரத்தடியிலும் நின்றவர்கள். வீடே பாதுகாப்பு என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் அறிவுரை. ஆயினும் இவ்வட்டாரத்தில் உரிமமின்றி வீடுகளிலேயே பட்டாசு செய்வதும், அதனால் விபத்துகள் நேர்வதும் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்படியொரு தொகுப்பு வீட்டில், மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் கூரை ஒழுகும் இடத்தை முதலில் பார்க்கமாட்டாள். மூலையில் சாக்கு போர்த்தி வைத்திருக்கும் சரக்கின் பக்கம் ஈரம் போகிறதா என்றுதான் பார்ப்பாள். பிள்ளைகளை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தி உட்காரவைப்பாள்.